முசோலினியின் முதல் 39 ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெனிட்டோ முசோலினி 1922 அக்டோபர் இறுதியில் இத்தாலியின் பிரதமரானார். அதற்கு முந்தைய வாழ்க்கையைப் பலரும் மூன்று சொற்றொடரில் முடித்துவிடுகிறார்கள்: கொல்லர் மகன், முதலில் சோசலிஸ்ட், பிறகு பாசிஸ்ட். எந்தத் தேதியில், யார் பணத்தில், யார் கதவைத் திறந்துவிட்டதால் அந்த மாற்றம் நடந்தது என்று பார்த்தால்தான் ஆளைப் புரிந்துகொள்ள முடியும். அவர் தத்துவவாதியோ படைத் தளபதியோ அல்ல, பத்திரிகைக்காரர். கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே, எந்தக் குடும்பத்தில் பிறந்தார்?

1883 ஜூலை 29 அன்று, இத்தாலியின் ரொமாஞ்யா வட்டாரத்தில், ஃபோர்லி மாவட்டத்துப் பிரெடாப்பியோவை ஒட்டிய டோவியா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ இரும்புப் பட்டறை வைத்திருந்த கொல்லர். தாய் ரோசா மால்தோனி பள்ளி ஆசிரியை, பக்தியுள்ள கத்தோலிக்கர். தந்தைக்கோ பாதிரிமார் என்றாலே ஆகாது. பட்டறையை விட உள்ளூர் சோசலிஸ்ட் கூட்டங்களில்தான் அவர் மனம் இருந்தது. பெனிட்டோவுக்குப் பின் ஆர்னால்டோ என்ற தம்பியும் எட்விஜே என்ற தங்கையும் பிறந்தார்கள். ஆர்னால்டோவின் பெயரை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் மறுபடி வருவார்.

ரொமாஞ்யாவைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். போப்பாண்டவரின் நேரடி ஆட்சியில் நெடுங்காலம் இருந்த பகுதி அது. அதனாலேயே பாதிரி எதிர்ப்பும் குடியரசுக் கட்சியும் அராஜகவாதமும் சோசலிசமும் அங்கே வேர்விட்டிருந்தன. அரசியல் சண்டைக்குக் கத்தியை எடுப்பது அந்த ஊர்ப்பக்கத்தில் அதிசயமல்ல.

பெனிட்டோ என்பது இத்தாலியப் பெயர்தானா?

இல்லை, ஸ்பானிய வடிவம். இத்தாலியில் பெனெடெட்டோ என்றுதான் வரும். மெக்சிகோ அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸின் நினைவாகத் தந்தை வைத்த பெயர் அது. ஐரோப்பாவிலிருந்து வந்து மெக்சிகோவின் பேரரசராக உட்கார்ந்த மாக்சிமிலியனைத் தோற்கடித்தவர் ஹுவாரெஸ். முழுப் பெயர் பெனிட்டோ அமில்காரே அந்த்ரேயா. அமில்காரே சிப்ரியானி 1871இல் பாரிஸ் நகரில் தொழிலாளர்கள் நடத்திய பாரிஸ் கம்யூன் எழுச்சியில் போரிட்ட புரட்சிக்காரர். அந்த்ரேயா கோஸ்தா இத்தாலிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் சோசலிஸ்ட். ஒரு குழந்தைக்கு மூன்று கலகக்காரர்களின் பெயர். ஞானஸ்நானம் மட்டும் தாயின் விருப்பப்படி நடந்தது.

வறுமையில் வளர்ந்தவரா?

வசதியான குடும்பம் இல்லைதான். ஆனால் பிற்காலத்துப் பிரசாரம் சொன்ன அளவுக்கு இல்லாமையும் இல்லை. தாய்க்கு மாதச் சம்பளம் வந்தது. குடியிருப்பும் பள்ளிக்கூடம் நடந்த கட்டடத்திலேயே இருந்தது. மகனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பக் குடும்பத்தால் முடிந்தது. அந்த வட்டாரத்துக் கூலி விவசாயியின் பிள்ளைக்கு இதில் எதுவும் வாய்த்திருக்காது. தலைவரான பிறகு பாட்டாளியின் மகன் என்ற படிமம் அவருக்குத் தேவைப்பட்டது. அதனால் பட்டறை முன்னுக்கு வந்தது, தாயின் சம்பளம் பின்னுக்குப் போனது.

பள்ளியில் கத்தியால் குத்தினார் என்பது உண்மையா?

உண்மை. ஃபாயென்சாவில் சலேசியப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளியில் 1892இல் சேர்த்தார்கள். கட்டிய கட்டணத்துக்கு ஏற்ப மாணவர்களை மூன்று தனித்தனி மேசைகளில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள் என்றும், தான் கடைசி மேசையில் இருந்ததாகவும் அவரே பின்னால் எழுதினார். 1894இல் சக மாணவன் ஒருவனைப் பேனாக்கத்தியால் காயப்படுத்தியதும் அந்தப் பள்ளி வாழ்க்கை முடிந்தது. பிறகு ஃபோர்லிம்பொபோலியில் ஜொசுவே கார்துச்சி பெயரிலான, பாதிரிமார் கையில் இல்லாத பள்ளியில் சேர்ந்தார். கவிஞர் கார்துச்சியின் தம்பி வால்ஃப்ரெடோதான் அங்கே தலைமையாசிரியர். அங்கும் இதே போன்ற கத்திச் சம்பவம் ஒன்று உண்டு. இருந்தும் படிப்பில் மோசமில்லை. 1901இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சான்றிதழோடு வெளியே வந்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் இசையமைப்பாளர் வெர்டி இறந்தபோது, ஊர் அரங்கில் நினைவுரை ஆற்ற இந்தப் பதினேழு வயது மாணவரை அழைத்தார்கள். சோசலிஸ்ட் கட்சியின் நாளேடான "அவந்தி" அதைச் சிறு செய்தியாக வெளியிட்டது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த நாளேட்டையே அவர் நடத்திக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் வேலையை ஏன் விட்டார்?

வேலை நிலைக்கவில்லை என்பதே சரி. 1902 பிப்ரவரியில் சோசலிஸ்டுகள் நிர்வகித்த குவால்தியேரி ஊராட்சியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். கல்வியாண்டு முடிந்ததும் பணி நீட்டிக்கப்படவில்லை. ஜூலையில் சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பினார். பின்னாலும் 1906–07இல் டொல்மெட்சோவிலும் 1908இல் ஒனெல்யாவிலும் கற்பித்தார். 1907இல் பொலோஞ்யா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பிக்கும் தகுதித் தேர்வும் எழுதித் தேறினார். "பேராசிரியர் முசோலினி" என்று அக்காலத்தில் அவரை அழைத்தது அதனால்தான்.

சுவிட்சர்லாந்தில் என்ன செய்தார்?

ஆரம்பத்தில் கட்டட வேலை. ஓர்ப் என்ற ஊரில் சித்தாளாகச் சேர்ந்தார். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேர வேலை, மணிக்கு 32 சென்டிம் கூலி, கல் சுமந்துகொண்டு இரண்டாம் மாடிக்கு ஒரே நாளில் 121 நடை என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு வைத்திருக்கிறார். அந்த வேலையில் ஒரு வாரம்தான் நின்றார். பிறகு லொசான் நகரம். 1902 ஜூலை 24 அன்று, தங்க இடமில்லாமல் பெரிய பாலத்தின் அடியில் படுத்திருந்தவரை நாடோடி என்று காவல்துறை பிடித்தது.

அவரை மேலே தூக்கிவிட்டது உடலுழைப்பு இல்லை, எழுத்து. சுவிட்சர்லாந்தில் ஆயிரக்கணக்கான இத்தாலியக் கொத்தனார்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்காக ஒரு சோசலிஸ்ட் வார ஏடும் சங்கங்களும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்து, மேடையில் பேசவும் வந்த ஒருவர் அங்கே அரிது. சில வாரங்களில் லொசான் கொத்தனார் சங்கத்துக்குச் செயலாளரானார். கட்சியின் பிற்காலத் தலைவர்களில் ஒருவரான செர்ராட்டியையும், ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த புரட்சிக்காரர் ஆஞ்சலிக்கா பலபனோவாவையும் சந்தித்ததும் இங்கேதான். பலபனோவா அவருக்கு மார்க்சியம் சொல்லிக்கொடுத்தார், மொழிபெயர்ப்புக்கு உதவினார். அவர் எழுத்தில் கொஞ்சம் ஒழுங்கு வந்தது அந்த அம்மையாரால்தான் என்று சொன்னால் மிகையாகாது.

எத்தனை முறை கைதானார்?

ஆளாளுக்கு ஓர் எண்ணிக்கை சொல்வார்கள். முக்கியமானவை இவை. 1903 ஜூனில் பெர்ன் நகரில் பொது வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியதாகக் கைது, பிறகு நாடுகடத்தல். ஜூன் 19 தேதியிட்ட காவல்துறைப் புகைப்படம் இன்றும் பல நூல்களில் அச்சாகிறது. 1904இல் ஜெனிவாவில், கடவுச்சீட்டின் காலாவதித் தேதியைத் திருத்தியதற்காகக் கைது. 1908இல் பிரெடாப்பியோவில் கூலி விவசாயிகள் போராட்டத்தில் மிரட்டல் விடுத்ததற்காகச் சிறை. 1909இல் ட்ரென்டோவிலிருந்து வெளியேற்றம். 1911 அக்டோபரில் ஃபோர்லியில் கைது, இதுதான் நீண்ட சிறைவாசம். 1919 நவம்பரில் மிலானில் ஆயுதம் வைத்திருந்ததாகக் கைதாகி மறுநாளே விடுதலை. அந்தக் கடைசி விடுதலை அவ்வளவு சீக்கிரம் வந்ததே காலம் மாறியதற்கு அடையாளம்.

கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்பி ஓடியவர்தானே?

ஓடியவர்தான். அழைப்பு வந்தபோது சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பவில்லை. ஆள் இல்லாமலேயே வழக்கு நடந்து தண்டனையும் விதிக்கப்பட்டது. 1904 செப்டம்பரில் இளவரசர் உம்பெர்த்தோ பிறந்ததையொட்டிப் பொதுமன்னிப்பு வந்தது. அதைப் பயன்படுத்தி ஊர் திரும்பி, 1905 ஜனவரி முதல் 1906 செப்டம்பர் வரை வெரோனாவில் பெர்சாலியேரி காலாட்படைப் பிரிவில் சேவை செய்தார். அங்கே அவர் மீது புகார் எதுவும் இல்லை. 1905 பிப்ரவரியில் தாய் இறந்தார்.

பரேட்டோவிடம் படித்தவர் என்கிறார்களே?

லொசான் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் வில்ஃபிரெடோ பரேட்டோ கற்பித்தார், முசோலினியும் 1904இல் அந்த நகரில் இருந்தார். இந்த இரண்டையும் சேர்த்து முறையான மாணவர் என்று சொல்வது மிகை. அவர் அங்கே பட்டம் எதுவும் பெறவில்லை. 1937இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவர் சர்வாதிகாரி. ஜெர்மன் தத்துவவாதி நீட்சே, பிரெஞ்சுச் சிந்தனையாளர் சொரேல் இருவரின் எழுத்தைப் படித்தார் என்பதற்கு அவருடைய கட்டுரைகளே சாட்சி. ஆனால் எந்த நூலையும் முழுக்க உள்வாங்கி ஒரு கோட்பாடு கட்டியவர் அல்ல. அன்றைய தலையங்கத்துக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்வார்.

ட்ரென்டோ ஏன் முக்கியம்?

ட்ரென்டோ அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த, இத்தாலிய மொழி பேசும் நகரம். 1909 பிப்ரவரியில் தொழிலாளர் மன்றச் செயலாளராகப் போனார். கட்சி வார ஏட்டை நடத்தியதோடு, செசாரே பத்திஸ்தியின் "இல் பொபொலோ" நாளேட்டிலும் வேலை செய்தார். பத்திஸ்தி சோசலிஸ்ட், அதே நேரம் தன் பகுதி இத்தாலியோடு சேர வேண்டும் என்று விரும்பியவர். 1916இல் ஆஸ்திரியர்கள் அவரைத் தூக்கிலிட்டார்கள். தேசம் என்ற சொல்லுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை முசோலினி நேரில் பார்த்தது இங்கே. செப்டம்பரில் அதிகாரிகள் அவரை வெளியேற்றினார்கள். பாதிரி எதிர்ப்பு நெடி வீசும் "கிளாவுதியா பார்த்திசெல்லா, கார்டினலின் காதலி" என்ற தொடர்கதையையும் 1910இல் பத்திஸ்தியின் ஏட்டுக்கு எழுதினார். இலக்கியமாக அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சந்தாதாரரை அடுத்த நாளும் ஏடு வாங்கவைக்கும் சூத்திரம் அவருக்குப் பிடிபட்டிருந்தது தெரிகிறது.

கட்சியில் எப்படித் திடீரென்று மேலே வந்தார்?

மூன்று படிகள்.

முதலாவது, ஃபோர்லி. 1910 ஜனவரியில் "வர்க்கப் போராட்டம்" என்ற வார ஏட்டைத் தொடங்கி, உள்ளூர்க் கட்சிக்கும் செயலாளரானார். அந்த ஏட்டைப் பெரும்பாலும் ஒற்றை ஆளாக நிரப்பினார். அதே ஆண்டுதான் ராக்கேலே குய்தியோடு குடும்பம் நடத்தத் தொடங்கினார். செப்டம்பரில் மகள் எட்டா பிறந்தாள், நவம்பரில் தந்தை இறந்தார்.

இரண்டாவது, லிபியா. 1911 செப்டம்பரில் பிரதமர் ஜொலித்தியின் அரசு லிபியாவைப் பிடிக்க உஸ்மானியப் பேரரசோடு போர் தொடங்கியது. ஃபோர்லியில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ரயில் பாதையும் தந்திக் கம்பியும் சேதமாயின. முசோலினி இதை முன்னின்று நடத்தினார். அவரோடு கைதாகிச் சிறை சென்றவர் பியெத்ரோ நென்னி, அப்போது குடியரசுக் கட்சி இளைஞர், பின்னாளில் இத்தாலிய சோசலிஸ்டுகளின் தலைவர். முசோலினிக்கு ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 மார்ச் 12 அன்று வெளியே வந்தார். ஆப்பிரிக்காவில் காலனி பிடிக்கும் போரை எதிர்த்துச் சிறை சென்ற இதே ஆள்தான் 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்தார்.

மூன்றாவது, ரெஜ்ஜோ எமிலியா மாநாடு. 1912 மார்ச்சில் மன்னர் விக்டர் இம்மானுவேல் மீது கொலை முயற்சி நடந்தது. மிதவாத சோசலிஸ்ட் உறுப்பினர்கள் சிலர் அரண்மனைக்குப் போய் மன்னர் உயிர் தப்பியதற்கு மகிழ்ச்சி தெரிவித்தார்கள். ஜூலை மாநாட்டில் முசோலினி எழுந்து, பிசொலாத்தி, பொனோமி, கப்ரீனி, பொத்ரெக்கா ஆகிய நால்வரையும் கட்சியை விட்டு நீக்கத் தீர்மானம் கொண்டுவந்து வென்றார். 29 வயதுகூட நிரம்பாத மாவட்டச் செயலாளரை நாடு முழுவதும் தெரிந்துகொண்டது அன்றுதான். 1912 டிசம்பர் 1 முதல் மிலானில் "அவந்தி" ஆசிரியர் நாற்காலி அவருக்கு வந்தது.

அவர் பொறுப்பேற்றபின் ஏட்டின் விற்பனை வெகுவாக ஏறியது. குட்டி வாக்கியம், தாக்கும் தலைப்பு, சமரசமில்லாத தொனி என்று அதுவரை அந்த ஏட்டில் இல்லாத நடை வந்தது. மூத்த தலைவர் துராத்தியும் அவரைச் சேர்ந்தவர்களும் கவலைப்பட்டார்கள். ஆனால் கூட்டம் முசோலினி பக்கம் நின்றது. 1913 பொதுத் தேர்தலில் ஃபோர்லியில் நின்று தோற்றார். 1914இல் மிலான் நகரசபைக்குத் தேர்வானார்.

1914இல் ஏன் போர் ஆதரவாளராக மாறினார்?

அதிகம் குழம்பும் இடம் இது. தேதிவாரியாகப் பார்ப்போம்.

ஜூலை 26: "போர் ஒழிக" என்று "அவந்தி"யில் தலையங்கம். ஆகஸ்ட்: இத்தாலி நடுநிலை அறிவிக்கிறது, கட்சியும் நடுநிலை. அதே மாதம் ஜெர்மனியின் சோசலிஸ்டுகள் தங்கள் அரசின் போர்க் கடனுக்கு வாக்களித்துவிட்டார்கள். உலகத் தொழிலாளர் ஒற்றுமை என்ற நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி அது. அக்டோபர் 18: முழு நடுநிலையிலிருந்து "செயல்படும் நடுநிலை"க்கு நகர வேண்டும் என்று கட்சியைக் கேட்காமலே முசோலினி எழுதுகிறார். அடுத்த இரண்டு நாளில் கட்சி நிர்வாகக் குழு அதை நிராகரிக்கிறது, அவர் பதவி விலகுகிறார். நவம்பர் 15: "இல் பொபொலோ தித்தாலியா" என்ற சொந்த நாளேடு மிலானில் வெளிவருகிறது. நவம்பர் 24: மிலான் கிளை அவரைக் கட்சியிலிருந்து நீக்குகிறது. கூச்சலும் வசையும் நிறைந்த கூட்டம் அது.

காரணம் என்ன? 1914 ஜூனில் நடந்த "சிவப்பு வாரம்" என்ற கலகம் சில நாளில் அடங்கிப்போனதை அவர் பார்த்திருந்தார். வேலைநிறுத்தத்தால் அரசைக் கவிழ்க்க முடியாது, போர் வந்தால் எல்லாம் புரளும் என்ற எண்ணம் அப்போதைய புரட்சிகரத் தொழிற்சங்கவாதிகளிடமும் இருந்தது. முசோலினியும் அதில் விழுந்தார். காசுக்காகக் கருத்தை மாற்றினார் என்று ஒரே வரியில் சொல்வது எளிது. ஆனால் கருத்து முதலில் நகர்ந்தது, காசு அதை நிலைநிறுத்தியது என்பதே எங்கள் மதிப்பீடு.

அந்தப் பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பதவி விலகிய சில வாரங்களில் ஒரு நாளேடு தொடங்க வேண்டுமானால் அச்சகம், காகிதம், விநியோகம், விளம்பர முன்பணம் எல்லாம் வேண்டும். வேலையிழந்த ஒருவரிடம் இவை இருக்காது. பொலோஞ்யாவில் நிலவுடைமையாளர்கள் ஆதரித்த நாளேட்டின் ஆசிரியர் ஃபிலிப்போ நால்தி இடையில் நின்று ஏற்பாடு செய்தார். போரால் லாபம் பெறக்கூடிய தொழிலதிபர்கள் பணம் கொடுத்தார்கள். இத்தாலி தங்கள் பக்கம் சேர வேண்டும் என்று விரும்பிய பிரெஞ்சுத் தரப்பிலிருந்தும் பணம் வந்தது. 1917 இலையுதிர் காலம் தொடங்கி, பிரிட்டிஷ் உளவுத்துறை வாரம் 100 பவுண்டு கொடுத்தது. இத்தாலியைப் போரிலிருந்து விலகவிடாமல் பிரசாரம் செய்வதற்கான கூலி அது. ரோமில் அதைக் கையாண்டவர் சாமுவேல் ஹோர், பின்னாளில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர்.

ஏட்டின் முகப்பில் இரண்டு மேற்கோள்கள் இருந்தன. இரும்பு உள்ளவனிடம் ரொட்டி உண்டு என்ற பிரெஞ்சுப் புரட்சிக்காரர் பிளாங்கியின் வரி ஒரு பக்கம், புரட்சி என்பது துப்பாக்கிக் கத்திகள் கிடைத்த ஒரு கருத்து என்ற நெப்போலியனின் வரி மறுபக்கம். பெயருக்குக் கீழே "சோசலிஸ்ட் நாளேடு" என்று போட்டிருந்தார்கள். 1918 ஆகஸ்டில்தான் அது "போராளிகள், உற்பத்தியாளர்களின் நாளேடு" என்று மாறியது. "உற்பத்தியாளர்" என்ற சொல்லுக்குள் தொழிலாளியும் வருவார், முதலாளியும் வருவார். எந்தக் கோட்பாட்டு நூலையும் விட இந்த ஒரு சொல் மாற்றம் அதிகம் சொல்கிறது.

போரில் சண்டையிட்டாரா?

ஆம். 1915 ஆகஸ்ட் 31 அன்று அழைக்கப்பட்டு, 11ஆம் பெர்சாலியேரி பிரிவில், ஆஸ்திரியாவோடு போர் நடந்த இசோன்சோ நதி முனையில் இருந்தார். நடுவில் காய்ச்சலில் மருத்துவமனை வாசம். 1917 பிப்ரவரி 23 அன்று, பயிற்சியின்போது சொந்தப் பக்கத்து எறிகுண்டுக் குழாய் வெடித்து உடலெங்கும் சிதறல்கள் பாய்ந்தன. எதிரியின் தாக்குதலில் பட்ட காயம் என்று எழுதுவது தவறு. அதன்பின் போர்முனைக்குத் திரும்பவில்லை, பத்திரிகை அலுவலகத்துக்குத் திரும்பினார்.

இடா தால்செர் யார்?

ட்ரென்டோ பக்கத்துப் பெண். 1915 நவம்பரில் முசோலினிக்கு ஆண் குழந்தை பெற்றார். குழந்தைக்குப் பெனிட்டோ அல்பினோ என்று பெயர். மறு மாதமே முசோலினி ராக்கேலேயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். தானே மனைவி என்று இடா விடாமல் சொல்லிவந்தார். பாசிச ஆட்சி அவரை மனநல விடுதியில் அடைத்தது. அங்கேயே 1937இல் இறந்தார். மகனும் 1942இல் அப்படியொரு விடுதியிலேயே இறந்தார். இதைச் சிறு கிளைக்கதையாக ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. அதிகாரம் கைக்கு வந்ததும் ஒரு தாயையும் பிள்ளையையும் என்ன செய்தார் என்பதும் அவர் வரலாறுதான்.

"பாசிசம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது?

"ஃபாஷோ" என்றால் இத்தாலியில் கட்டு, விறகுக் கட்டு போல. அதிலிருந்து குழு, சங்கம் என்ற பொருள் வந்தது. 1890களில் சிசிலியில் ஏழை விவசாயிகள் நடத்திய இடதுசாரிச் சங்கங்களுக்கும் இதே பெயர்தான். ஆகவே இந்தச் சொல் தொடக்கத்தில் வலதுசாரிச் சொல்லே அல்ல. பண்டை ரோமின் கோடரி செருகிய கோல்கட்டுச் சின்னம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

1919 மார்ச் 23 அன்று மிலானின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில், வணிகர் சங்கம் ஒன்றின் மண்டபத்தில் "போராட்ட ஃபாஷி" (ஃபாஷோ என்பதன் பன்மை) தொடங்கியது. சில நூறு பேர்கூட நிறையாத கூட்டம். போரிலிருந்து திரும்பிய அதிரடிப் படையினர், முன்னாள் தொழிற்சங்கவாதிகள், எதிர்காலவாதக் கலைஞர்கள். ஜூனில் வெளியான திட்டத்தைப் படிப்பவர்கள் திகைப்பார்கள்: பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, மேலவை ஒழிப்பு, மூலதனத்தின் மீது வரி, திருச்சபைச் சொத்துப் பறிமுதல், போர் லாபத்தில் 85 சதவீதம் அரசுக்கு. இந்தத் திட்டத்தை மட்டும் காட்டி "பாசிசமும் சோசலிசமும் ஒன்றுதான்" என்று வாதிடுவோர் ஒரு நிகழ்வை மறைக்கிறார்கள். திட்டம் அச்சாகும் முன்பே, ஏப்ரல் 15 அன்று, இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் "அவந்தி" அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள்.

1919 தேர்தலில் என்ன ஆனது?

படுதோல்வி. நவம்பரில் மிலானில் அவர் தலைமையில் நின்ற பட்டியலுக்கு ஐயாயிரம் வாக்குகூட விழவில்லை. இசை நடத்துனர் தொஸ்கனீனியும் கவிஞர் மரினெத்தியும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1912இல் முசோலினி கட்சியை விட்டு விரட்டிய பொத்ரெக்காவும் இருந்தார். ஓர் இடமும் கிடைக்கவில்லை. சோசலிஸ்டுகள் 156 இடம் பெற்றார்கள், அவருக்குப் பொய்ச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். அதிகாரத்தை எளிதில் எட்டிப் பிடித்தார் என்று நினைப்பவர்கள் இந்த நவம்பரைப் பார்க்க வேண்டும்.

செத்துப்போன இயக்கம் இரண்டே ஆண்டில் எப்படி எழுந்தது?

வாக்கால் இல்லை, லாரியால். போ நதிச் சமவெளியில் கூலி விவசாயிகளின் சோசலிஸ்ட் சங்கங்கள் பலமாக இருந்தன. யாரை எத்தனை நாள் வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் வேலை அலுவலகமே தீர்மானித்தது. பண்ணையார் மட்டுமல்ல, சிறு குத்தகைதாரரும் விளைச்சலில் பங்குக்கு உழுதவரும் எரிச்சலில் இருந்தார்கள். 1920 இலையுதிர் காலத்தில் பொலோஞ்யா நிலவுடைமையாளர்கள் நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின் பணிந்தார்கள். செப்டம்பரில் வடக்கே தொழிற்சாலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றியிருந்தார்கள். பயந்துபோன பணம் பாசிசப் படைக்குழுக்களுக்குப் பாய்ந்தது. நவம்பர் 21 அன்று பொலோஞ்யா நகரசபைப் பதவியேற்பில் ரத்தம் சிந்தியபின் அது வெள்ளமாயிற்று.

தாக்குதல் நடக்கும் முறை இது. மாலையில் பக்கத்து ஊர்களிலிருந்து லாரிகளில் சில பத்துப் பேர் வருவார்கள். உள்ளூரில் முகம் தெரியாது. தொலைபேசிக் கம்பியை அறுப்பார்கள். சங்கக் கட்டடம், கூட்டுறவுக் கடை, கட்சி அச்சகம் ஆகியவற்றுக்குத் தீ வைப்பார்கள். தலைவரை வீட்டிலிருந்து இழுத்து, உருட்டுக்கட்டையால் அடித்து, விளக்கெண்ணெயைப் படி கணக்கில் குடிக்கவைப்பார்கள். வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் உயிரையும் எடுக்கலாம், பிழைத்தவர் ஊர் முன் கூனிக்குறுக வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் கட்டாயமாக ராஜினாமா வாங்குவார்கள். காவல்துறை தாமதமாக வரும், வந்தாலும் அடிபட்டவர்களைத்தான் கைது செய்யும். ஆயுதமும் வண்டியும் ராணுவத்திடமிருந்தே வந்த இடங்கள் உண்டு. சங்கங்களால் ஏன் தடுக்க முடியவில்லை? அவர்களுடைய பலம் அந்தந்த ஊரில் இருந்தது, தாக்கியவர்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இந்தப் படைக்குழுக்கள் முசோலினியின் நேரடிக் கட்டுப்பாட்டில் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஃபெர்ராராவில் பால்போ, பொலோஞ்யாவில் கிராந்தி என்று வட்டாரத் தளபதிகள். 1921 ஆகஸ்டில் முசோலினி சோசலிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் போட்டபோது இவர்கள் எதிர்த்தெழுந்தார்கள். அவர் பதவி விலகலே அறிவித்தார். நவம்பரில் ரோம் மாநாட்டில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது, இயக்கம் தேசியப் பாசிசக் கட்சியானது. அவர்களுக்கு வேண்டிய வன்முறையை அவர் விட்டுக்கொடுத்தார், அவருக்கு வேண்டிய தலைமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

முதல் கதவைத் திறந்தவர் யார்?

ஜொலித்தி. 1921 மே தேர்தலில் சோசலிஸ்டுகளை ஒடுக்க, தன் தேசியக் கூட்டணியில் பாசிஸ்டுகளையும் சேர்த்துக்கொண்டார். நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். 35 பாசிஸ்டுகள் உள்ளே வந்தார்கள், முசோலினியும் ஒருவர். அடங்கவில்லை.

ரோம் அணிவகுப்பால் ஆட்சியைக் கைப்பற்றினாரா?

1922 அக்டோபர் 27 இரவு பாசிஸ்டுகள் பல நகரங்களில் அரசு அலுவலகங்களைப் பிடித்தார்கள். ரோமைச் சுற்றிச் சாந்தா மரினெல்லா, மொன்தெரொத்தொந்தோ, திவொலி ஆகிய இடங்களில் கூடினார்கள். மழை, சாப்பாட்டுத் தட்டுப்பாடு, பலரிடம் சரியான ஆயுதம் இல்லை. நகரைக் காத்த ராணுவம் எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் மிஞ்சியிருந்தது. பிரதமர் ஃபாக்தாவின் அரசு 28 அதிகாலை ராணுவச் சட்டம் கொண்டுவர முடிவெடுத்து, மாகாணங்களுக்குத் தந்தியும் அடித்துவிட்டது. காலையில் கையெழுத்துக்குப் போனபோது மன்னர் மறுத்துவிட்டார். அந்த ஒரு கையெழுத்து இல்லாததால்தான் அணிவகுப்பு வென்றது.

அப்போது முசோலினி ரோமில் இல்லை, அணிவகுப்பிலும் இல்லை. மிலானில் பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசிக்கு அருகில் இருந்தார். முன்னாள் பிரதமர் சலாந்த்ராவின் அமைச்சரவையில் பங்கு தருகிறோம் என்றதை மறுத்தார். ஆட்சி அமைக்க மன்னரின் அழைப்பு வந்தபின் 29 இரவு ரயிலேறி, 30 காலை ரோமில் இறங்கினார். கறுப்புச்சட்டைக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட பாசிசப் படைக்குழுவினர் நகருக்குள் ஊர்வலம் போனது 31 அன்று, எல்லாம் முடிந்தபிறகு.

பிரதமரானபோது நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்ததா?

அவருடைய கட்சிக்கு இல்லை. அமைச்சரவையில் தாராளவாதிகளும் கத்தோலிக்க மக்கள் கட்சியினரும் தேசியவாதிகளும் இருந்தார்கள், போர்த் துறை தளபதி தியாஸிடம் போனது. பிரதமர் பதவியோடு உள்துறையையும் வெளியுறவையும் முசோலினி தன்னிடமே வைத்துக்கொண்டார். காவல்துறையும் மாவட்ட ஆட்சியர்களும் உள்துறைக்குக் கீழே வருவதால் இது சாதாரணப் பங்கீடு அல்ல. நவம்பர் 16 அன்று, இந்த அவையைத் தன் படைக்குழுக்களின் கூடாரமாக மாற்றியிருக்க முடியும் என்று உறுப்பினர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த நாள் நம்பிக்கை வாக்கெடுப்பில் 306 பேர் ஆதரித்தார்கள், 116 பேர் எதிர்த்தார்கள். பாசிஸ்டுகளின் எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டாது. மிச்ச வாக்கெல்லாம் மற்றவர்கள் போட்டது. ஆதரித்தவர்களில் ஜொலித்தியும் உண்டு.

பத்திரிகையை யாரிடம் விட்டார்?

தம்பி ஆர்னால்டோவிடம். 1931இல் தான் இறக்கும்வரை அவர் அதை நடத்தினார். ரோமிலிருந்து அண்ணன் தொலைபேசியில் அழைத்து, மறுநாள் ஏட்டில் என்ன வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.